எரிவாயுவுக்குக் காவல் யார்? கலிபோர்னியாவிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை

மட்டக்களப்பு நகரில் எந்த வீதியைத் தோண்டினாலும் தண்ணீர்க் குழாய் வரும், தொலைபேசிக் கம்பி வரும். எரிவாயுக் குழாய் வராது. வீடு வீடாக வாயுவைக் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாய் வலையமைப்பு இலங்கையில் எந்த நகரத்திலும் இல்லை. நமக்கு எரிவாயு என்றால் சிலிண்டர்தான். ஹபரணை, பொலன்னறுவை, வெலிகந்தை கடந்து லொறியில் வந்து, முகவர் கடையில் இறங்கி, முச்சக்கர வண்டியிலோ சைக்கிள் கரியரிலோ வீட்டுக்குப் போய்ச் சேருவது. எனவே வெளிநாட்டில் வாயுக் குழாய் வெடித்தது என்ற செய்தி வந்தால், அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

தொடர்பு இருக்கிறது. பாசிக்குடாவின் பெரிய ஹோட்டல்களிலும் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் சிலிண்டர்களை ஓரிடத்தில் அடுக்கி, அங்கிருந்து சமையலறைக்குக் குழாய் இழுத்திருக்கிறார்கள். நீளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதுவும் வாயுக் குழாய்தான். மேலும், இந்தியாவிலிருந்து இலங்கைக்கு எரிபொருள் குழாய் போடும் திட்டம் 2024 டிசெம்பரில் புதுடில்லியில் வெளியான இரு நாட்டுக் கூட்டறிக்கையில் எழுத்தில் இடம்பெற்றுவிட்டது. ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துக்கொண்டு, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் முத்தரப்பு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கொழும்பில் கையெழுத்தானது. திருகோணமலை நமக்கு அடுத்த மாவட்டம். வெருகலையும் வாகரையையும் தாண்டி வந்தால் மட்டக்களப்பு.

குழாய் வருவதா வேண்டாமா என்பது வேறு விவாதம். இங்கே என் கேள்வி அதைக் கண்காணிப்பது யார் என்பதுதான். உலகில் நடந்த பெரிய வாயு விபத்துகளின் விசாரணைகளைப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: சட்டம் இல்லாததால் நடந்தவை குறைவு. விற்பவரிடமிருந்து விலகி நிற்கும் ஒரு பரிசோதகர், விபத்துக்கு முன்பே வந்து பார்த்து, பார்த்ததை மக்கள் படிக்கும்படி எழுதிவைக்காததால் நடந்தவையே அதிகம்.

குழாய்ப் பாதுகாப்பில் நீண்ட அனுபவமுள்ள நாடு அமெரிக்கா. அங்கே 1968 இல் இயற்கை எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச விதிகளை மத்திய அரசு வகுக்கிறது. இன்று அந்தப் பொறுப்பு குழாய்வழி மற்றும் அபாயகரப் பொருட்கள் பாதுகாப்பு நிர்வாகத்திடம் இருக்கிறது. ஒரு மாநிலத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் குழாய்களை மாநில அரசே பரிசோதிக்கலாம். அதற்கு அந்த மாநிலம், 'எங்களிடம் விதி இருக்கிறது, பரிசோதகர் இருக்கிறார், தண்டிக்கும் அதிகாரம் இருக்கிறது' என்று ஆண்டுதோறும் உறுதிப்படுத்த வேண்டும். மத்திய விதியைவிடக் கடுமையான விதியை மாநிலம் வைக்கலாம். தளர்வான விதியை வைக்க முடியாது. பரிசோதனைச் செலவில் 80 வீதம் வரை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. இந்த மானியம் முக்கியமானது. பொறுப்பைக் கீழே தள்ளிவிட்டுப் பணத்தை மேலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் நமது உள்ளூராட்சிச் சபைகளுக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனை இருந்தும் 2010 செப்டெம்பர் 9 அன்று மாலை, கலிபோர்னியாவின் சான் புரூனோ என்ற ஊரில், குடியிருப்புக்கு அடியில் சென்ற 30 அங்குல வாயுக் குழாய் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. வாயுவின் வரத்தை நிறுத்த 95 நிமிடங்கள் எடுத்தன. யாரோ ஓடிப்போய்க் கையால் திருகி மூட வேண்டிய வால்வுகள் அவை. அதுவரை வாயு எரிந்துகொண்டே இருந்தது.

விசாரணையை நடத்தியது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை. விமானம், ரயில், கப்பல் விபத்துகளை ஆராயும் அதே சபைதான். அதற்கு விதி போடும் அதிகாரமோ தண்டிக்கும் அதிகாரமோ கிடையாது. காரணத்தைக் கண்டுபிடித்துப் பரிந்துரை செய்வதோடு அதன் வேலை முடிகிறது. அதனாலேயே குழாயின் சொந்தக்காரக் கம்பனி, அதைக் கண்காணிக்க வேண்டிய மாநில ஆணைக்குழு, விதி வகுக்கும் மத்திய நிர்வாகம் ஆகிய மூவரையும் அதனால் குறைசொல்ல முடிந்தது. அது கண்டெடுத்த உண்மை அதிர்ச்சியானது. 1956 இல் புதைத்த அந்தக் குழாய், பசிபிக் காஸ் அண்ட் இலெக்ட்ரிக் கம்பனியின் ஆவணங்களில் பற்றுத் தையல் (நீளவாக்கில் பற்றவைத்த மூட்டு) இல்லாத குழாய் என்று பதிவாகியிருந்தது. மண்ணுக்குள் கிடந்ததோ தையலோடு பற்றவைத்த குழாய். அந்தப் பற்றும் அரைகுறையாகச் செய்தது. 54 ஆண்டுகளாக யாரும் ஏட்டையும் குழாயையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஏட்டை நம்பி அழுத்தத்தைத் தீர்மானித்தார்கள். ஏட்டை வாசித்துவிட்டுப் பரிசோதகர்களும் போனார்கள்.

மாநில ஆணைக்குழு பிறகு அந்தக் கம்பனிக்கு 1.6 பில்லியன் டொலர் தண்டம் விதித்தது. அது 2015 இல். அடுத்த ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றத்தில் குழாய்ப் பாதுகாப்பு விதிகளை மீறியதற்காகவும் விசாரணைக்கு இடையூறு செய்ததற்காகவும் கம்பனி குற்றவாளியாகக் காணப்பட்டது. இடையில் இன்னொன்றும் வெளியே வந்தது. கம்பனி அதிகாரிகளுக்கும் ஆணைக்குழுவின் மேல்மட்டத்தினருக்கும் இடையில் ஓடிய மின்னஞ்சல்கள். தங்கள் வழக்கை எந்த நீதிபதி கேட்க வேண்டும் என்பது வரை அவற்றில் பேசியிருந்தார்கள். காவல்காரரும் காவலுக்கு உட்பட்டவரும் ஒரே மேசையில் இருந்திருக்கிறார்கள். சான் புரூனோவில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பற்றுத் தையல் பிளந்தது ஒரு நொடியில். மேற்பார்வை பிளந்து பல ஆண்டுகளாகியிருந்தது.

2018 செப்டெம்பர் 13 அன்று மசாசூசெட்ஸ் மாநிலத்தின் மெரிமாக் பள்ளத்தாக்கில் நடந்தது வேறு வகை. பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கைவிட்டுப் புதிய பிளாஸ்டிக் குழாய்க்கு இணைப்பை மாற்றும் நல்ல வேலைதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அழுத்தத்தை உணர்ந்து ரெகுலேட்டருக்குச் சொல்லும் சிறு குழாய்கள் கைவிடப்பட்ட பழைய குழாயிலேயே இருந்துவிட்டன. பழைய குழாயில் அழுத்தம் குறையக் குறைய, 'வாயு போதவில்லை' என்று ரெகுலேட்டர் அகலத் திறந்தது. வீட்டு அடுப்புக்கென்று தணித்து அனுப்ப வேண்டிய வாயு பல மடங்கு அழுத்தத்தில் மூன்று நகரங்களின் வீடுகளுக்குள் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன அல்லது சேதமாகின. ஓர் இளைஞர் இறந்தார். அந்த வேலைக்கான திட்ட வரைபடத்தில் பதிவுபெற்ற பொறியியலாளர் ஒருவரின் முத்திரை இருக்கவில்லை. பொதுப் பயன்பாட்டுக் கம்பனிகளுக்கு அது தேவையில்லை என்று அந்த மாநிலச் சட்டம் விலக்குக் கொடுத்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விலக்கை நீக்கினார்கள். கம்பனி 53 மில்லியன் டொலர் தண்டம் கட்டி, அந்த மாநிலத்தில் தன் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது.

நமக்குக் கிட்டிய உதாரணமும் உண்டு. ஆந்திராவின் அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற கிராமத்தை 2014 ஜூன் 27 அதிகாலையில் ஒரு வாயுக் குழாய் எரித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் பலியானார்கள். உலர்ந்த வாயுவுக்காக அமைத்த குழாயில் ஈரம் கலந்த வாயு போய், உள்ளே நீர் தங்கி, இரும்பை அரித்துக் கசிந்திருந்தது. இந்தியாவில் அதற்கு முன்பே, 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பெட்ரோலிய மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் இருந்தது, விதிகளும் இருந்தன.

இப்போது நமது பக்கம் வருகிறேன். வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. 1937 மார்ச்சில் டெக்சாஸின் நியூ லண்டன் ஊரில், மணமற்ற வாயு கட்டடத்துக்கு அடியில் கசிந்து தேங்கி ஒரு பாடசாலையே வெடித்தது. 290க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அநேகமாக எல்லாரும் பிள்ளைகள். அதன் பிறகுதான் வாயுவுக்கு நாற்றம் ஊட்டுவது சட்டமானது. இன்றைய அமெரிக்க விதி இதைத் துல்லியமாகச் சொல்கிறது: தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் கலந்திருந்தாலே சாதாரண மனிதரின் மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும். சமையலறையில் நமக்கு வரும் அழுகிய முட்டை வாடை எத்தில் மேர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது.

2021 இன் கடைசி மாதங்களில் இலங்கை முழுவதும் சமையலறைகளில் அடுப்புகள் வெடித்ததையும், கசிவுகள் தீப்பிடித்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். மட்டக்களப்பில் பல வீடுகளில் சிலிண்டரை முற்றத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு மீண்டும் விறகுக்கு மாறினார்கள். நாடளாவிய ரீதியில் சில நூறு சம்பவங்கள் பதிவாகின, உயிர்களும் போயின. நவம்பர் முடிவில் ஜனாதிபதி எட்டுப் பேர் கொண்ட குழுவொன்றை நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதே முதன்மைக் காரணமாக அந்தக் குழுவின் ஆய்வில் சுட்டப்பட்டது.

இதில் இரசாயனம் எளிதுதான். நமது ஊர் வெப்பத்தில், ஏறத்தாழ 30 பாகை செல்சியஸில், புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புரொப்பேனைக் கூட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். நல்ல சிலிண்டரும் நல்ல ரெகுலேட்டரும் அதைத் தாங்கும். ஆண்டுக் கணக்காக வெயிலிலும் எண்ணெய்ப் புகையிலும் கிடந்து இறுகிப்போன இறப்பர்க் குழாய் தாங்காது. தேய்ந்த வாசர் தாங்காது. மேலும், சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. இயற்கை எரிவாயு கசிந்தால் மேலே எழுந்து கலைந்துவிடும். இது தரையில் படர்ந்து மூலையில் தேங்கி நெருப்புக்குக் காத்திருக்கும்.

டிசெம்பரில் இன்னொரு சிக்கல். இறக்குமதியான வாயுவில் மேர்காப்டன் போதிய அளவில் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்ததால், கப்பலில் வந்த வாயுவை இறக்க அனுமதி மறுத்தார்கள். டெக்சாஸ் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்து உலகம் கற்ற பாடம், 84 ஆண்டுகள் கழித்துக் கொழும்புத் துறைமுகத்தில் மீண்டும் சோதனைக்கு வந்தது. அந்த முறை பரிசோதனை தன் வேலையைச் செய்தது, கப்பலைத் திருப்பியது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் கலவையை மாற்றிய அன்றே அதே பரிசோதனை ஏன் நடக்கவில்லை?

விடை சட்டங்களின் இடைவெளியில் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது. 1984 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை கட்டளைகள் நிறுவனம் இருக்கிறது. நிறுவனம் தரத்தை எழுதும்; அந்தத் தரம் கடைக்காரரையும் கம்பனியையும் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதிகார சபை வர்த்தமானியில் பணிப்புரை வெளியிட வேண்டும். எழுதுபவர் ஒருவர், கட்டாயமாக்குபவர் இன்னொருவர். 2002 இல் அமைத்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்சாரத்தைத்தான் முழு அதிகாரத்தோடு மேற்பார்வை செய்துவந்தது. 2021 இல் விபத்துகள் தொடங்கியபோது சமையல் எரிவாயுவின் பாதுகாப்புக்கென்றே ஒரு தனி ஒழுங்குபடுத்துநர் நாட்டில் இருக்கவில்லை. சந்தையில் பெரும்பங்கு வைத்திருந்த கம்பனியோ, 2010 இல் ஷெல்லிடமிருந்து அரசு வாங்கியது. அரசே விற்பவராகவும் அரசே கண்காணிப்பவராகவும் இருக்கும்போது, கண்காணிப்பவரின் கை தளராமல் இருக்கச் சட்டம் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவின் மின்னஞ்சல்கள் சொல்வதும் அதுவே. அங்கே கம்பனி தனியார், ஆணைக்குழு அரசு. அப்படியிருந்தும் சுவர் இடிந்தது.

கொழும்பில் எல்லாம் சரியாக நடந்தாலும் கடைசி சில மீற்றர்கள் மிச்சம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்புறத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 37.5 கிலோ சிலிண்டர்கள் இரண்டு, வெயிலுக்குத் தகரம் போட்ட ஒரு மூலையில். அங்கிருந்து ஒரு செப்புக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. துளையில் உறை இல்லை. சுண்ணாம்பும் சீமெந்தும் செப்பைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளே கொத்து ரொட்டிக் கல்லுக்குப் போகும் இறப்பர்க் குழாய் பொரிந்து, கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பியால் முறுக்கப்பட்டிருக்கிறது. அதில் அச்சிட்டிருந்த ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்துபோயிருக்கிறது. தரையோடு ஒட்டிய காற்றுத் துவாரம் எதுவும் இல்லை.

"யாராவது வந்து இதைப் பார்த்தார்களா, முதலாளி?" என்று கேட்டேன்.

"சுகாதாரப் பரிசோதகர் ஐயா வருவார், தம்பி. சாப்பாட்டையும் தண்ணீரையும் பார்ப்பார். காஸைப் பார்க்க யாரும் வந்ததில்லை" என்றார்.

அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. குழாயை இழுத்துக் கொடுத்தவர் ஊரில் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர். வாயு வேலைக்கு வேறு ஆள் தேவை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் 1980 ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படி தன் கடமையைச் செய்கிறார். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் சபை வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. தொழிற்சாலை என்றால் 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி தொழில் திணைக்களப் பொறியியலாளர் வருவார். தீயணைப்புப் பிரிவு மட்டக்களப்பு மாநகர சபையிடமும் கல்முனை மாநகர சபையிடமும் இருக்கிறது. பிரதேச சபைப் பகுதியில் தீப்பிடித்தாலும் வண்டி அங்கிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொருவரும் தத்தமது பங்கைப் பார்க்கிறார்கள். அந்தப் பொரிந்த குழாய் யாருடைய பங்கிலும் விழவில்லை.

இதற்குப் புதிய திணைக்களம் வேண்டியதில்லை. ஆண்டு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, பயிற்சி பெற்ற ஒருவர் அழுத்தச் சோதனை செய்து கொடுத்த தாளையும் சபை கேட்கலாம். ரெகுலேட்டரும் குழாயும் எந்த ஆண்டைச் சேர்ந்தவை, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்ததில் குமிழி வந்ததா, சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரைமட்டத்தில் காற்றோட்டம் உண்டா, வாயுவை அவசரத்தில் மூடும் வால்வு சமையல்காரரின் கைக்கு எட்டுகிறதா என்பவை ஒரே தாளில் அடங்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய் பொருத்துநர் பயிற்சி நடக்கிறது. அதோடு வாயு வேலையையும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்தால், இப்போது தெரியாமல் செய்கிறவர்களே தெரிந்து செய்வார்கள்.

பெரிய குழாய்க்கு வருவோம். திருகோணமலையின் 99 எண்ணெய்த் தாங்கிகளை யார் யார் எடுப்பது என்று 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. கடலுக்கடியில் குழாய் வந்தால் அதில் வருவது திரவ எரிபொருளாக இருக்கும். வாயுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. கிழக்குக் கடலின் அடியில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று நில அதிர்வு ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. எதுவாக வந்தாலும் நமது மண்ணுக்கென்று சில கேள்விகள் இருக்கின்றன. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம் இது. சில அடி தோண்டினால் தண்ணீர், அதுவும் உவர்ப்பு. உவர் மண்ணில் உருக்குக் குழாய் வேகமாக அரிக்கும். மேற்பூச்சோடு மின்வழி அரிப்புத் தடுப்பும் இடைவிடாமல் இயங்க வேண்டும், அதன் அளவீடுகளை யாரோ எடுத்துப் பதிய வேண்டும். மாரி வெள்ளத்தில் நிலம் ஊறும்போது வெற்றுக் குழாய் மிதந்து எழும். கொங்கிறீட் கவசம் போட்டுப் பாரம் ஏற்ற வேண்டும். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது.

காணிக் கேள்வி அதைவிடக் கூர்மையானது. இந்தியாவில் 1962 ஆம் ஆண்டுச் சட்டமொன்று உண்டு. அதன்படி குழாய் போகும் நிலத்தின் உரிமை விவசாயியிடமே இருக்கும். பயன்படுத்தும் உரிமையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பட்டையில் அவர் வீடு கட்ட முடியாது, கிணறு தோண்ட முடியாது, மரம் நட முடியாது. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் எரிவாயுக் குழாய்க்கு எதிராக விவசாயிகள் வீதிக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டையில் யாரும் குடியேறாமல் பார்ப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் பழைய குழாய்களின் மேல் குடிசைகள் நெருங்கிவிட்டன. பழுதுபார்க்கப் போகவே வழியில்லாமல் திண்டாடினார்கள். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் இன்னும் காணிக் கச்சேரிக்கு அலையும் மாவட்டங்களில், குழாய்ப் பாதை வரைபடம் முதலில் மக்கள் கையில் வர வேண்டும். மண்வெட்டி பிறகு வரட்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி இன்றே கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பிரதேச சபையும் மாநகர சபையும் நுகர்வோர் விவகார அதிகார சபையும், அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனியும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். உங்கள் சபை எல்லைக்குள் வாயுவில் இயங்கும் உணவகங்கள் எத்தனை, கடந்த ஆண்டு அவற்றில் எத்தனையின் வாயு இணைப்பை யார் பரிசோதித்தார், அந்தப் பரிசோதனை அறிக்கையின் பிரதி எங்கே கிடைக்கும் என்று மூன்று வரிகளில் கேட்கலாம். 'அப்படியொரு பதிவேடு எம்மிடம் இல்லை' என்று பதில் வந்தாலும் அதுவும் எழுத்தில் வரும். அந்தக் கடிதத்தோடு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் பாராளுமன்ற உறுப்பினரை எழுந்து கேட்கச் சொல்லலாம்.